பின்னிணைப்பு 4-ஐ யார் படித்தார்கள்?

மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்த கூட்டம், ஆறு மணி வரை ஒரே ஷரத்தில் நின்றுகொண்டிருந்தது. பொறுப்பு உச்சவரம்பு. மென்பொருள் கொடுப்பவரால் நஷ்டம் வந்தால் அதிகபட்சம் எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பது. நாங்கள் இரண்டு வருடக் கட்டணம் என்றோம், அவர்கள் ஆறு மாதம் என்றார்கள். கோபம், மௌனம், வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வருவது என்று எல்லாச் சடங்கும் முடிந்து, பன்னிரண்டு மாதத்தில் வந்து நின்றது. எல்லோரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மீதிப் பக்கங்களை ஒரு கையால் சரசரவென்று புரட்டி, “பின்னிணைப்பெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம், டீம் பார்த்துக்கொள்ளும்” என்றார். எங்கள் கட்சிக்காரரும் தலையாட்டிவிட்டார்.

“ஒரு நிமிஷம். பின்னிணைப்பு 4-ஐ யார் படித்தார்கள்?” என்று கேட்டேன்.

அறையில் ஒன்பது பேர் இருந்தோம். பதில் இல்லை.

என் பிழைப்பு ஓடுவது அந்த மாதிரி மௌனங்களில்தான். பின்னிணைப்பு என்றாலே வக்கீலுக்கு அது தொழில்நுட்பம். தொழில்நுட்பக்காரருக்கு அது ஒப்பந்தம், வக்கீல் பார்ப்பார். விற்பனைக்காரருக்குக் கையெழுத்து விழுந்தால் போதும். மூவருமே அடுத்தவர் படித்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து பக்கங்களில்தான் பின்னால் வரப்போகும் சண்டை உட்கார்ந்திருக்கும். புரோகிராமராக இருந்துவிட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு வரலாமா, கம்பெனி அனுபவம் அங்கே எடுபடுமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட அந்தப் பின்னிணைப்பில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுவது சுலபம்.

‘சேவை மாதத்துக்கு 99.9 சதவீதம் இயங்கும்.’ இது முதல் வரி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முப்பது நாள் மாதத்துக்கு 43,200 நிமிடம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 43 நிமிடம் 12 விநாடி. அவ்வளவு நேரம் நின்றால் தப்பில்லை, அதற்கு மேல் நின்றால் ஒப்பந்த மீறல். சரி. அடுத்த வரி: ‘திட்டமிட்ட பராமரிப்பு நேரம் இந்தக் கணக்கில் சேராது.’ இதுவும் வழக்கம்தான். ஆனால் திட்டமிட்ட பராமரிப்பு என்றால் என்ன? ‘முன்னறிவிப்புக் கொடுத்துச் செய்யப்படும் பராமரிப்பு.’ எத்தனை மணி நேரத்துக்கு முன், எந்த நேரத்தில், மாதத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் — ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டு, அரை நாள் சர்வரை இறக்கிவைத்தாலும் 100 சதவீதம் இயங்கியதாகவே கணக்கு வரும். அதற்கும் கீழே, இயங்கும் நேரத்தை அளப்பது ‘நிறுவனத்தின் சொந்தக் கண்காணிப்புக் கருவி’ என்று இருந்தது. அந்தக் கருவி எங்கே இருக்கிறது? சர்வர் இருக்கும் அதே தரவு மையத்துக்குள். வெளியுலகத்துக்கு இணைப்பே அறுந்து கிடந்தாலும் உள்ளே இருக்கும் கருவி ‘எல்லாம் நலம்’ என்றுதான் சொல்லும். இதெல்லாம் ஒரு காலத்தில் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து சர்வரைப் பார்த்தவருக்கு உடனே கண்ணில் படும். சட்டப் புத்தகத்தில் கிடைக்காது.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. எங்கள் கட்சிக்காரர் அந்த மென்பொருளை வாங்கியது பல நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுப்பதற்காக. மாதத்தின் முதல் இருபது நாள் அது நாள் கணக்கில் நின்றாலும் அவருக்குப் பெரிய சேதமில்லை. கடைசி மூன்று நாளில் ஒரு மணி நேரம் நின்றால் அவருடைய வாடிக்கையாளர்களின் ஊழியர்கள் சம்பளமில்லாமல் நிற்பார்கள். அந்த மூன்று நாளும் மற்ற இருபத்தேழு நாளும் 99.9 என்ற எண்ணுக்கு ஒன்றுதான். “எந்த நாளில் நின்றால் உங்களுக்கு வலிக்கும்?” என்று அவரைக் கேட்டேன். அதுவரை அவரிடம் யாருமே அதைக் கேட்டதில்லையாம். அந்தக் கேள்வி எனக்குச் சட்டத்திலிருந்தும் வரவில்லை, கோடிங்கிலிருந்தும் வரவில்லை. நாலு வருடம் மென்பொருள் விற்ற பழக்கத்திலிருந்து வந்தது.

விற்றேன் என்று சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்பது வருடம் புரோகிராமர். பெரும்பாலும் பில்லிங் மென்பொருள். அப்புறம், “உனக்கு நன்றாகப் பேச வருகிறது” என்று சொல்லி விற்பனைக் குழுவோடு போகும் தொழில்நுட்ப ஆளாக என்னை மாற்றினார்கள். பெரிய டெண்டர் வரும். அதோடு ஒரு எக்செல் தாள் வரும். நானூறு, ஐந்நூறு வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேவை. எதிரே மூன்று கட்டங்கள்: ‘முழுதாக இணங்குகிறோம்’, ‘பகுதியாக’, ‘இல்லை’. அதை நிரப்புவது என் வேலை. ‘இல்லை’ என்று போட்டால் மதிப்பெண் குறையும். ‘பகுதியாக’ என்று போட்டால் சேல்ஸ் மேனேஜர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். “அடுத்த வெர்ஷனில் வருகிறது இல்லையா? அப்போ முழுதாக என்றே போடு” என்பார். போட்டேன். எல்லோரும் போடுவார்கள்.

நான் மறந்துபோன ஒன்று உண்டு. டெண்டர் ஜெயித்த பிறகு அந்த எக்செல் தாள் குப்பைக்குப் போவதில்லை. ஒப்பந்தத்தின் கடைசியில் பின்னிணைப்பாக ஒட்டிக்கொள்கிறது. ஒன்றரை வருடம் கழித்து அந்தத் திட்டம் நொண்டியடித்து, இரண்டு தரப்பும் நடுவர் முன்னால் உட்கார்ந்தபோது என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “வரிசை எண் 143-ஐ வாசியுங்கள்” என்றார். வாசித்தேன். “பதில் கட்டத்தில் என்ன இருக்கிறது?” ‘முழுதாக இணங்குகிறோம்.’ “இதை நிரப்பியது யார்?” நான். “நிரப்பிய அன்றைக்கு அந்த வசதி மென்பொருளில் இருந்ததா?” தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “இல்லை” என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “நன்றி” என்று சொல்லிவிட்டு 144-க்குப் போனார்.

அன்றைக்கு எனக்கு அவமானம் பாதி, பொறாமை பாதி. அந்த வக்கீலுக்கு எங்கள் மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. டேட்டாபேஸ் என்பதை அவர் உச்சரித்த விதமே சிரிப்பாக இருந்தது. ஆனால் எந்தத் தாளைக் கையில் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததும் ஒரே ஆளிடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அடுத்த வருடம் முப்பத்து நாலு வயதில் சட்ட வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் இருபது, இருபத்திரண்டு.

வகுப்புக்குப் போன பிறகுதான், என் 143-ஆம் வரிசையின் அண்ணன் ஒருவர் இங்கிலாந்தில் இருப்பது தெரிந்தது. பிஸ்கைபி என்ற தொலைக்காட்சி நிறுவனம் தன் வாடிக்கையாளர் சேவை மையங்களுக்காக ஒரு கணினி அமைப்பை உருவாக்கித் தரும் வேலையை 2000-இல் ஈடிஎஸ் என்ற கணினிச் சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஏறக்குறைய 4.8 கோடி பவுண்டு ஒப்பந்தம், பொறுப்பு உச்சவரம்பு 3 கோடி பவுண்டு. திட்டம் படுத்துவிட்டது. வழக்கு நூறு நாளுக்கு மேல் விசாரணையில் ஓடி, 2010 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. திட்டத்தை இவ்வளவு காலத்தில் முடிக்க முடியும், அதை முறையாக ஆராய்ந்து பார்த்துத்தான் சொல்கிறோம் என்று ஈடிஎஸ் தரப்பு விற்பனையின்போது உறுதி சொல்லியிருந்தது. அப்படி ஓர் ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. அது தெரிந்தே சொன்ன பொய் என்றும் முடிவுசெய்தது. மோசடி என்று வந்துவிட்டால் உச்சவரம்பு நிற்காது. 3 கோடியோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம், அதே வருடம் 31.8 கோடி பவுண்டுக்குச் சமரசமாக முடிந்தது.

இந்த வழக்கைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவில் நிற்பது நாய்தான். ஈடிஎஸ்ஸின் முக்கியச் சாட்சி, தன் எம்பிஏ பட்டத்துக்காகத் தீவு ஒன்றில் இருக்கும் கல்லூரிக்குப் போய்ப் படித்ததாகச் சாட்சி சொன்னார், கட்டடங்களை வர்ணித்தார். பிஸ்கைபியின் வக்கீல் அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் தன் நாய் லுலுவின் பெயரில் விண்ணப்பித்து அதே பட்டத்தை வாங்கி நீதிமன்றத்தில் வைத்தார். நாய்க்கு அவரைவிட மதிப்பெண் அதிகம். நானும் சிரித்தேன். ஆனால் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குக் குளிரெடுத்த இடம் அது இல்லை. அந்தக் கால அளவை யார், எந்த அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்று நீதிபதி ஒவ்வொரு மின்னஞ்சலாகப் பிரித்துப் பார்க்கும் பகுதிதான். விற்பனைக் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி, “எவ்வளவு மாதம் என்று போடட்டும்?” என்று கேட்கும் மின்னஞ்சலும் அதற்கு வரும் பதிலும் எனக்கு அத்துப்படி. நானே அப்படிப் பதில் போட்டிருக்கிறேன். இப்போது விற்பனைக் குழுவுக்கு வகுப்பெடுக்கப் போகும்போது இந்த வழக்கைத்தான் எடுத்துப் போகிறேன். ‘எதன் அடிப்படையில் இந்த எண்ணைச் சொன்னோம் என்று ஒரு அரைப் பக்கமாவது எழுதி வையுங்கள்’ என்பதை நாய்க்கு அப்புறம் சொன்னால் கேட்கிறார்கள்.

சட்டப் படிப்பு கஷ்டமாக இருந்ததா என்று கேட்கிறார்கள். படிப்பு கஷ்டமில்லை. புரோகிராமர் புத்தியை மடக்குவதுதான் பெரும்பாடு. ‘நியாயமான’ என்ற சொல் வரும் இடமெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். நியாயமான காலம், நியாயமான முயற்சி, நியாயமான ஷரத்து. எவ்வளவு என்று எண் போட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த எரிச்சலை ஓரளவு ஆற்றியது செயின்ட் ஆல்பன்ஸ் வழக்கு. இதுவும் இங்கிலாந்துதான். ஐசிஎல் என்ற கணினி நிறுவனம் கொடுத்த மென்பொருள் செயின்ட் ஆல்பன்ஸ் நகர மன்றத்தின் மக்கள்தொகையை 2,966 பேர் கூட்டிக் காட்டிவிட்டது. அந்தத் தப்பு எண்ணை வைத்து வரி விகிதம் போட்டதில் மன்றத்துக்கு 13 லட்சம் பவுண்டு இழப்பு. ஒப்பந்தத்தில் உச்சவரம்பு 1 லட்சம் பவுண்டு என்று எண் தெளிவாகவே இருந்தது. அது நியாயமற்றது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. ஐசிஎல்லுக்கு 5 கோடி பவுண்டுக்குக் காப்பீடு இருந்ததும், பேரத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பதும் அங்கே பேசின. 1996-இல் மேல்முறையீட்டிலும் ஐசிஎல்லின் பொறுப்பு நின்றது, ஈட்டுத்தொகை மட்டும் குறைந்தது. எண்ணை எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பும் என் மாதிரி ஆட்களுக்கு வைத்த குட்டு அது. அதற்கப்புறம் உச்சவரம்பு பேசும் கூட்டங்களில் காப்பீட்டுப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்கும் பழக்கம் வந்தது.

குட்டு வாங்கியும் திருந்தவில்லை என்பது வேறு விஷயம். வக்கீலான இரண்டாவது வருடம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்காக ஒப்பந்தம் வரைந்தேன். எதை வைத்து வேலை முடிந்ததாக ஏற்பது என்ற பகுதியை யாரும் எழுதாத அளவுக்குத் துல்லியமாக எழுதியதாக எனக்குப் பெருமை. ‘பின்னிணைப்பு 2-இல் உள்ள எல்லாச் சோதனைகளும் தேறினால் மட்டுமே ஏற்பு. ஏற்புக்குப் பின் முப்பது நாளில் பணம்.’ மொத்தம் 212 சோதனைகள். 211 தேறிவிட்டன. தேறாத ஒன்று, ஓர் அறிக்கையின் தலைப்பில் எழுத்து பெரிதாக வர வேண்டிய இடத்தில் சிறிதாக வந்தது. எதிர்த்தரப்புக்கு அந்த மாதம் கையில் பணமில்லை போலிருக்கிறது. “எல்லாச் சோதனைகளும் என்றுதானே இருக்கிறது?” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தைத் திருத்தி, மறுபடி அவர்கள் சோதிக்க நேரம் ஒதுக்கி, பணம் வரப் பதினோரு வாரம் ஆனது. நடுவில் என் கட்சிக்காரர் ஊழியர்களுக்குச் சம்பளம் போடக் கடன் வாங்கினார்.

வேலை பார்த்த காலத்தில் பிழைகளை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று தினமும் பிரித்துப் போட்டவன் நான். மூன்றாம் தரப் பிழையோடு மென்பொருளை வெளியிடுவது உலக வழக்கம். வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டதும் அது எப்படி மறந்தது என்று இன்றுவரை புரியவில்லை. இப்போது என் வரைவுகளில் முதல், இரண்டாம் தரப் பிழை இல்லாவிட்டால் ஏற்பு என்று இருக்கும். பதினைந்து நாளில் பதில் சொல்லாவிட்டாலும், நிஜ வேலைக்கு அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டாலும் ஏற்றதாகவே கொள்ளப்படும் என்றும் இருக்கும். அவர் இப்போதும் என் கட்சிக்காரர்தான். எந்த ஒப்பந்தம் கொண்டுவந்தாலும், “எழுத்து சைஸ் பார்த்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

சட்டம் படித்த புரோகிராமர் என்றால் சில நாள் வேடிக்கையான வேலைகளும் வரும். மென்பொருளின் மூலக் கோடை, அதாவது புரோகிராமர் எழுதிய வரிகளை, மூன்றாவது ஆள் ஒருவரிடம் பூட்டி வைப்பது என்று ஓர் ஏற்பாடு உண்டு, எஸ்க்ரோ என்பார்கள். மென்பொருள் நிறுவனம் மூடிவிட்டால் அந்தக் கோடை எடுத்து வாடிக்கையாளர் தானே பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அதற்காகப் பல பக்கம் ஷரத்து எழுதுவார்கள். எப்போது திறக்கலாம், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்றெல்லாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் அபூர்வம். ஒரு முறை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில் சரிபார்க்கும் உரிமையைப் பயன்படுத்தலாம் என்று கட்சிக்காரரைத் தூண்டிவிட்டு, அவருடைய பொறியாளரோடு நானும் உட்கார்ந்தேன். சுருக்கிய கோப்பு ஒன்று. கடைசியாகப் போட்ட தேதி மூன்று வருடத்துக்கு முன். விளக்கக் குறிப்பில் மூன்றே வரி, அதில் ஒன்று, ‘விவரங்களுக்குக் குழுத் தலைவரைக் கேட்கவும்’. கோடைக் கட்டமைக்கும் ஸ்கிரிப்டைத் திறந்தால், நாலு லைப்ரரிகளை அந்த நிறுவனத்தின் உள் சர்வரிலிருந்து இறக்கச் சொல்கிறது. நிறுவனம் மூடினால் அந்த சர்வர் எங்கே இருக்கும்? டேட்டாபேஸ் அமைப்பு கோப்பிலேயே இல்லை. ஆறு மணி நேரம் முட்டி மோதியும் கம்பைல் ஆகவில்லை, ஓடும் மென்பொருளாக மாறவில்லை. பொறியாளர் லேப்டாப்பை மூடிவிட்டு, “இதுக்கா சார் வருஷா வருஷம் காசு கட்டுகிறோம்?” என்றார். புதிய பின்னிணைப்பில், ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒருமுறை சுத்தமான கணினியில் மூன்றாவது ஆள் கட்டமைத்துக் காட்ட வேண்டும் என்று சேர்த்தோம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்த பிறகு இந்த இடைவெளி இன்னும் பெரிதாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டம் 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. தனிநபர் தரவு கசிந்தால், அது தெரியவந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 33-ஆம் பிரிவு. மக்களுக்கு ஆபத்து வர வாய்ப்பில்லாத கசிவுக்கு விலக்கு உண்டு. 72 மணி நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். எந்த நிமிடத்திலிருந்து எண்ணுவது? ராத்திரி இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்து, பணியில் இருந்த பையன் அதை வழக்கமான பொய் எச்சரிக்கை என்று தள்ளிவிட்டுத் தூங்கினால், கம்பெனிக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா? தரவைக் கையாள வேறு நிறுவனத்திடம் கொடுத்திருந்தால், அந்த நிறுவனம் ‘தேவையற்ற தாமதமின்றி’ நமக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, மணிக்கணக்கு சொல்லவில்லை. அந்த மணிக்கணக்கைப் பின்னிணைப்பில் போடாதவர்கள் எத்தனையோ பேர்.

கசிவு நடந்த அன்றைக்கு என் முதல் வேலை பொறியாளர்களின் அரட்டைக் குழுவுக்குள் போவது. ‘ஐயோ, மொத்தமும் போச்சு’, ‘இதை அன்றைக்கே சொன்னேன், கேட்கவில்லை’ என்று ஓடிக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் மறுநாள் பொய் என்று தெரியும். ஆனால் அந்த வரிகளை அழிக்கக் கூடாது, அழித்தால் அது தனிக் குற்றமாகப் போய் முடியும். இனிமேல் கண்டதை மட்டும் எழுதுங்கள், நினைப்பதைப் போனில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். நானே அந்த நிலையில் இருந்திருப்பதால் என்னிடம் கோபிக்க மாட்டார்கள். வக்கீலைக் குழுவில் சேர்த்துவிட்டால் எல்லாம் ரகசியம் என்று ஒரு மூடநம்பிக்கை வேறு இருக்கிறது. சட்ட ஆலோசனைக்குத்தான் அந்தப் பாதுகாப்பு, அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். சந்தைப் போட்டிச் சட்ட விசாரணைகளில் நிறுவனத்தின் சொந்த ஊழியரான வக்கீலுக்கு அது கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் அக்ஸோ நோபல் வழக்கில் சொல்லிவிட்டது. என்னைப் போல இரண்டு மூன்று தொப்பி போட்டவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். ‘இந்த விலைக்கு விற்கலாமா, எந்த டேட்டாபேஸ் போடலாம்’ என்று கட்சிக்காரர் கேட்பார், பழைய ஆசையில் நானும் பதில் சொல்லிவிடுவேன். அந்த மின்னஞ்சல் வக்கீலின் ஆலோசனையா, பழைய சேல்ஸ்காரரின் ஆலோசனையா? இப்போதெல்லாம் இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கலப்பதில்லை.

கோட் தெரிந்தால் வழக்கு தெரிந்தது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் கூகுள் – ஆரக்கிள் வழக்கு. ஆரக்கிளின் ஜாவா கோடின் வரிகளைக் கூகுள் தன் ஆண்ட்ராய்டில் எடுத்தாண்டதைப் பற்றியது. அதைக் கீழ் நீதிமன்றத்தில் விசாரித்த நீதிபதி வில்லியம் ஆல்சப்புக்கே புரோகிராம் எழுதும் பழக்கம் உண்டு. சர்ச்சைக்குரிய ஒன்பது வரி ‘ரேஞ்ச்செக்’ கோடைப் பற்றி ஆரக்கிள் தரப்பு பெரிதாகப் பேசியபோது, அந்த மாதிரி நானே பல தடவை எழுதியிருக்கிறேன் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். புரோகிராமர்களெல்லாம் கொண்டாடினோம். கூகுள் எடுத்த பெரும்பகுதி வரிகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2012-இல் அவர் கொடுத்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் கவிழ்த்தது. கடைசியில் 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சுமார் 11,500 வரிகளைக் கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடு என்று 6-க்கு 2 என்ற கணக்கில் முடித்துவைத்தது. வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை, உண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று தாண்டிப் போய்விட்டார்கள். கோட் தெரிந்த நீதிபதி இருந்ததால் விஷயம் தெளிவாகப் பேசப்பட்டது, முடிவு வேறு பாதையில் வந்தது.

எந்த அனுபவம் அதிகம் உதவுகிறது என்று கேட்டால், கேட்பவர்கள் எதிர்பார்ப்பது தொழில்நுட்பம் என்ற பதிலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில்நுட்ப அறிவு பழசாகிவிடுகிறது. நான் கோட் எழுதிய காலத்தில் சர்வர் பக்கத்து அறையில் உறுமிக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் கிளவுட், அதில் எது வாடகைக்குக் கொடுப்பவர் பொறுப்பு, எது எடுப்பவர் பொறுப்பு என்பதை இருபத்தைந்து வயதுப் பொறியாளரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். மிஞ்சியிருப்பது, அவர் சொல்வதில் எந்த இடத்தில் ‘அது எப்படி?’ என்று கேட்க வேண்டும் என்ற மூக்கு மட்டும். விற்பனை அனுபவம் அப்படிப் பழசாவதில்லை. யார் எதற்குப் பயப்படுகிறார்கள், வருட முடிவுக்கு முன்னால் யாருக்குக் கையெழுத்து அவசரம், எந்த ஷரத்துக்காக உண்மையிலேயே எழுந்து போவார்கள், எதற்குச் சும்மா எழுந்து நிற்பார்கள் — இதெல்லாம் இருபது வருடமாக மாறவில்லை. வரப் போகிறவர்கள் சான்றிதழ் படிப்புகளுக்கு ஓடுவதற்கு முன், வேலை பார்க்கும் இடத்திலேயே நடப்பு ஒப்பந்தம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். பின்னிணைப்பில் எழுதியிருப்பதும் உங்கள் குழு தினமும் செய்வதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பத்து இடத்திலாவது உதைக்கும். அந்தப் பத்து இடங்களைப் பற்றி எழுதச் சுவாரஸ்யம் வந்தால் வாருங்கள்.

அந்த ஆறு மணிக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். யாரும் பதில் சொல்லாமல் இருந்தபோது, மேசையின் கோடியில் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கை மெதுவாக எழுந்தது. அதுவரை நாலு மணி நேரம் வாய் திறக்காத பெண், அவர்களுடைய பொறியாளர். “பின்னிணைப்பு 4 நான்தான் போட்டேன். பழைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து காப்பி பண்ணினேன்” என்றார். அவருடைய வக்கீல் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நாங்கள் இருவரும் வெள்ளைப் பலகைக்குப் போனோம். அளக்கும் கருவி தரவு மையத்துக்கு வெளியே இருக்கட்டும் என்று நான் கேட்டதற்கு அவர் உடனே சரி என்றார், அவருக்கே அது வெகுநாள் ஆசையாம். பராமரிப்புக்கு நாற்பத்தெட்டு மணி நேர முன்னறிவிப்பு, மாதத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. மாதத்தின் கடைசி மூன்று நாள் சர்வரை யாரும் தொடக் கூடாது, அப்போது நின்றால் தனிக் கணக்கு, தனி அபராதம். இதற்குப் பதிலாக மற்ற நாட்களுக்கு 99.9-ஐ விட்டுக்கொடுத்து 99.5 என்று ஒப்புக்கொண்டேன். அதாவது அந்த இருபத்தேழு நாளில் சுமார் 194 நிமிடம் வரை நிற்கலாம். எண் குறைந்ததைப் பார்த்து எங்கள் கட்சிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது, எனக்குக் கட்டணம் கொடுப்பதே எண்ணைக் கூட்டுவதற்குத்தானே என்பது போல. கடைசி மூன்று நாளைக் காட்டி அரை மணி நேரம் விளக்கினேன். எட்டரைக்குக் கையெழுத்தானது. அவசரத்தில் தட்டச்சு செய்ததில் ‘பராமரிப்பு’ என்பது ஓர் இடத்தில் ‘பரமரிப்பு’ என்று விழுந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு கட்சிக்காரர், இணையத்தில் பாடம் நடத்துபவர், அதே நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு வந்தார். பின்னாலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பின்னிணைப்பு 4. 99.5 சதவீதம், நாற்பத்தெட்டு மணி நேர முன்னறிவிப்பு, மாதத்தின் கடைசி மூன்று நாள் சர்வரைத் தொடக் கூடாது. அவருக்கும் மாதக் கடைசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தேர்வு நாட்கள்தான் அவருக்கு முக்கியம். மூன்றாவது பத்தியில் ‘பரமரிப்பு’ அப்படியே இருந்தது.